பதினோரு பென்டிரைவ்

ஒருவரைப் பழிவாங்க வேண்டும் என்று இரண்டு வருடம் மனசுக்குள் வைத்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் யாராவது ஜன்னல் சீட் கேட்டால் எழுந்து கொடுத்துவிடுகிற ஆள் நான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்த ஒரு நாள்கூட எனக்கு அது மறக்கவில்லை. கடைசியில் வாய்ப்பு வந்தபோது நான் பெரிதாக எதுவும் செய்யவேண்டி வரவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. கல்யாணமாகி செகந்தராபாத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கணவருக்கு மௌலா அலியில் ரயில்வே வேலை. வீடு மாரெட்பள்ளியில். நான் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். காலை ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினால் எட்டரைக்குத் தொழிற்சாலை வாசல். லேப்பிலும் ஸ்டோரிலும் ஆபீசிலும் இருக்கிற மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் என் வேலை.

நான் சொல்ல வந்தவர் எங்கள் பிரிவுக்குத் தலைவர். அவரும் தமிழர்தான். பிரிட்டிஷ்காரன் காலத்தில் கண்டோன்மென்ட்டில் கிளார்க் வேலைக்கு வந்த குடும்பம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்கு கைக்கு. மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி அவர் வீடு. வேலையில் சேர்ந்த முதல் வருடம், வெளியூரில் ஒரு தமிழ் ஆள் மேலதிகாரியாகக் கிடைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அவருடைய பெண்ணின் வளைகாப்புக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுபோனேன். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

எங்கள் தரக் கட்டுப்பாட்டு லேப்பில் பதினோரு கம்ப்யூட்டர்கள். மருந்து மாதிரிகளைச் சோதித்து வருகிற முடிவுகளை அவற்றில்தான் பதிவு செய்வார்கள். அவற்றில் ஓடிய பழைய சிஸ்டம் காலாவதியாகிவிட்டதால் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றுவது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. எப்படி மாற்றுவது என்று ஆராய்ந்து எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு பென்டிரைவில் ஏற்றிப் போட வேண்டியதுதானே? ஆனால் எதை ஏற்றுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லினக்ஸை நிறுவுவதற்கான கோப்பை இமேஜ் என்போம். அதில் பல தினுசு உண்டு. சின்ன இமேஜ் ஒன்று இருக்கிறது. அறுநூறு எம்பி சொச்சம்தான். அடிப்படைச் சரக்கு மட்டும் அதில் இருக்கும், மீதியை நிறுவும்போதே இன்டர்நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். பெரிய இமேஜ் நான்கு ஜிபிக்கு மேல் வரும், வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மூன்றாவது, நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கிற லைவ் இமேஜ். வீட்டில் இன்டர்நெட் வைத்திருப்பவர்களுக்குச் சின்னதுதான் சௌகரியம். எங்கள் லேப்புக்கு அது ஆகாது. லேப்புக்குள் இன்டர்நெட் வரக் கூடாது என்பது கம்பெனி விதி. தரவை வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி அந்த அறையையே தனியாக வைத்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம் எழுதினேன். எந்த இமேஜ், ஏன், இறக்கிய பிறகு அது பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது, எந்த வரிசையில் மெஷின்களை மாற்றுவது, இடையில் நின்றுபோனால் என்ன செய்வது, எல்லாம். மூன்றாவது பக்கத்தில், இன்டர்நெட் இல்லாத அறைக்குச் சின்ன இமேஜை எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது, தேர்ந்தெடுத்தால் நிறுவல் முடிந்ததுபோலத் தெரியும் ஆனால் வேலைக்கு ஆகாத வெறுங்கூடுதான் மிஞ்சும் என்று ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தியை மட்டும் நான்கு முறை திருத்தினேன். என்னைப் பொறுத்தவரை அந்த ஒன்பது பக்கத்தின் உயிரே அதுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கு அதை விளக்க ஒரு கூட்டம். முந்தின நாள் எங்கள் தலைவர் என்னிடம், "நீ லேப்டாப் பக்கத்துல உக்காந்து ஸ்லைடு மாத்தும்மா, நான் பேசறேன்" என்றார். சரி என்றேன். முதல் ஸ்லைடு திரையில் வந்தது. தயாரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் பெயர் மட்டும்.

அவர் "நெக்ஸ்ட்" என்பார், நான் பட்டனை அழுத்துவேன். என் வாக்கியங்களை அவர் வாசிக்க வாசிக்க நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். பாதியில், வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள், சின்ன இமேஜ் இருக்கும்போது எதற்காக இவ்வளவு பெரியது என்று கேட்டார். எங்கள் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. நான் அன்னிக்கு உனக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணேன்ல?" என்றார்.

நான் எழுந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர், "ஹவ், கரெக்ட். நல்லா புரிஞ்சுக்கிட்டிருக்கா" என்று தலையாட்டினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒப்பித்துவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி.

இரண்டு நாள் கழித்து அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். "சார், அந்த டாக்குமெண்ட்ல என் பேரு விட்டுப்போச்சு."

"டீம்னா எல்லாம் ஒண்ணுதானே மா. கைக்கு இதெல்லாம் மனசுல வெச்சுக்கறே? போ, போய் டீ குடி."

அந்த வருட முடிவில் மதிப்பீட்டுத் தாள் வந்தது. என்னைப் பற்றி அவர் எழுதியிருந்தார்: உழைப்பாளி. ஆனால் நிறுவல் முறையைத் தேர்வு செய்வது போன்ற தொழில்நுட்ப முடிவுகளில் இவருக்கு இன்னும் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வரியோடு நின்றது.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கணவர் படித்துவிட்டு, "விடு. ஆபீஸ்ல நான் எழுதுற நோட்டுக்கு யார் யாரோ கையெழுத்துப் போடுதாங்க. அதுக்கெல்லாம் வருத்தப்பட்டா ஆகுமா?" என்றார்.

"திருடுனதுகூடப் பரவால்ல. எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதியிருக்காரே, அதை விடச் சொல்லுதீகளா?"

"வேற என்ன செய்யப் போறே?"

"தெரியல. ஆனா விட மாட்டேன்."

தலைமை அலுவலகத்தில் அனுமதி, தணிக்கைக்காரர்கள், மறுபடி அனுமதி என்று மாற்றம் இழுத்துக்கொண்டே போயிற்று. ஒருவழியாக வருடாந்திரப் பராமரிப்புக்குத் தொழிற்சாலை நிற்கும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் நான் பெரிய இமேஜை இறக்கி, ஒரு பச்சைப் பென்டிரைவில் ஏற்றி, என் அறையில் கிடந்த உபரி மெஷின் ஒன்றில் நிறுவிப் பார்த்தேன். லேப் இன்சார்ஜை வரவழைத்து அவருடைய படிவங்கள் எல்லாம் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். அவர் கம்மம் பக்கத்துப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். அளந்துதான் பேசுவார். நாங்கள் பாதித் தெலுங்கும் பாதி இந்தியுமாகப் பேசிக்கொள்வோம், இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் வருகிறது மேடம்" என்று போனார். உபரி மெஷினை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினேன். பச்சைப் பென்டிரைவை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். எங்கள் தலைவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு அவர் போன் செய்தார்.

"மா, அந்தப் பெரிய இமேஜ் இறக்கிட்டியா? நம்ம ஆபீஸ் நெட்ல அரை நாள் ஆவும்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "நான் வீட்ல பார்த்தேன். அதே சைட்ல சின்னது ஒண்ணு இருக்கு. அறுநூறு எம்பிதான். டக்குனு ஆயிடும். அதையே போடு."

"சின்னதையா சார்?"

"ஹவ். பெரிசு நக்கோ. கைக்கு யானையத் தூக்கிட்டுப் போவணும்?"

லேப்பில் நெட் கிடையாதே சார். சொல்லவேண்டியது அவ்வளவுதான். வாய்வரை வந்தது. அவர் பெயர் போட்ட காகிதத்தில் மூன்றாவது பக்கத்தில் இருப்பதை அவர் படித்ததே இல்லை என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. அன்று கூட்டத்திலும் ஸ்லைடில் இருந்ததை வாசித்தாரே ஒழிய அது எதுவும் அவர் தலைக்குள் போகவில்லை. போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி சார். ஃபைல்ல வெக்கணும், மெயில்ல ஒரு வரி மட்டும் போட்டுடுங்க."

ஐந்து நிமிடத்தில் மெயில் வந்தது. சின்ன இமேஜையே பயன்படுத்தவும், இது என் முடிவு என்று ஒரே வரி. அதை நான் எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

பதினோரு பென்டிரைவையும் ஒழுங்காகத் தயார் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஏற்றியது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மெஷின் எண்ணை எழுதிச் சீட்டு ஒட்டினேன். நாளைக்குத் தவறு நடந்தால் அது அவர் தேர்வினால் மட்டுமே நடந்ததாக இருக்க வேண்டும், என் கைவேலையில் ஒரு தூசிகூட இருக்கக் கூடாது. லேப்பின் தரவு முழுவதையும் தனியாக இரண்டு பிரதி எடுத்து வைத்தேன். அந்தத் தரவு என்ன பாவம் செய்தது?

அன்று காலை பத்து மணிக்கு லேப்பில் கூடினோம். வெள்ளை கோட்டு, தலைக்கு உறை, காலுக்கு உறை. தொழிற்சாலைக்கே தலைவரான பிளான்ட் ஹெட்டும் வரும்படி எங்கள் தலைவர் முதலிலேயே ஏற்பாடு செய்திருந்தார். அவர் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை. புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"எல்லாத்துலயும் ஒரே டைம்ல போட்டுடலாம்" என்றார்.

"ஒண்ணு முடியட்டும், பாத்துட்டு மத்ததப் போடலாமா சார்?" என்று கேட்டேன். அவர்மேல் இரக்கப்பட்டு நான் அதைக் கேட்கவில்லை. பிற்பாடு யாராவது விசாரித்தால் கேட்டேன் என்று சொல்ல வேண்டுமே, அதற்காகக் கேட்டேன்.

"இப்பிடித்தான் மா நீ. எல்லாத்துக்கும் பயம்" என்று சிரித்தார்.

பதினோரு மெஷினும் ஓடத் தொடங்கின. நெட்வொர்க் கிடைக்கவில்லை, இல்லாமலே தொடரலாமா என்று திரையில் கேட்டது. தொடர் என்று அழுத்தினார். டிஸ்கை அழிக்கலாமா என்றது. அழி என்று அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, மீதிச் சரக்கை எங்கிருந்து எடுப்பது, எதுவும் கிடைக்கவில்லையே என்று கேட்டது. அதற்கும் தொடர் என்றே அழுத்தினார். நான் அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். லேப் இன்சார்ஜ் தராசுகள் இருக்கும் மேடைக்கு அருகில் நின்றார். ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிளான்ட் ஹெட் உள்ளே வந்தபோது மெஷின்கள் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அவர் தெலுங்குக்காரர். உயரமான மனிதர், குரலை உயர்த்தாதவர். பதினோரு திரைகளும் கறுப்பாக இருந்தன. மேல் மூலையில் லாகின் என்று வெள்ளை எழுத்து, பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கோடு. ஐகான் இல்லை, மௌஸ் அம்பு இல்லை, திறப்பதற்குப் படிவம் எதுவும் இல்லை.

"இது என்ன?" என்றார் பிளான்ட் ஹெட்.

"ஒரு நிமிஷம் சார்." எங்கள் தலைவர் ஒரு மெஷினை அணைத்துப் போட்டார். அதேதான் வந்தது. இன்னொன்றில் முதலிலிருந்து நிறுவினார். அரை மணி நேரம் கழித்து அதேதான் வந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் போய் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். எழுந்தபோது தலையுறை நழுவிக் காதில் தொங்கியது. "நெட் போயிருக்கு. அதான் பிராப்ளம்" என்றார்.

லேப் இன்சார்ஜ் அமைதியாகச் சொன்னார்: "சார், இந்த ரூமுக்கு என்றைக்குமே நெட் கிடையாது."

எங்கள் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் நான் இரண்டு வருடமாக எதிர்பார்த்தேன். அடுத்து என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். அப்படியே சொன்னார், ஆங்கிலத்தில், பிளான்ட் ஹெட்டைப் பார்த்து: பென்டிரைவ் தயாரித்தது இவர்தான், இமேஜ் தேர்வை இவரிடம் விட்டிருந்தேன், நானே பார்த்திருக்க வேண்டும்.

நான் போனை எடுத்து மெயிலைத் திறந்து பிளான்ட் ஹெட்டிடம் கொடுத்தேன். அவர் படித்தார். என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஃபைலில் இருந்த ஒன்பது பக்கத்தை உருவி, மூன்றாவது பக்கத்தைத் திருப்பி எங்கள் தலைவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க எழுதுனதுதான் சார். அந்தக் கடைசிப் பாராவ மட்டும் படிங்க."

அவர் கண்களை ஓட்டினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பிளான்ட் ஹெட், "சத்தமாகப் படியுங்கள்" என்றார்.

அவர் படித்தார். எக்காரணம் கொண்டும் என்ற இடத்தில் தொண்டையைச் செருமினார். வெறுங்கூடு என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. நான்கு முறை திருத்திய என் பத்தியை அவர் வாயால் முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். நன்றாக இருந்தது. பசித்த வயிற்றுக்குச் சோறு இறங்குவது போல இருந்தது.

பிளான்ட் ஹெட் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் அவரிடம் சொல்லவில்லை?"

"அவர் எழுதின டாக்குமெண்ட் சார். எழுதினவருக்கு நான் எப்படிச் சொல்வது? தொழில்நுட்ப முடிவுகளில் எனக்குத்தான் வழிகாட்டுதல் தேவை என்று மதிப்பீட்டில் இருக்கிறது."

பிளான்ட் ஹெட் முட்டாள் இல்லை. "சரி, இப்போது என்ன வழி?" என்றார்.

பெரிய இமேஜை இறக்க வேண்டும், ஆபீஸ் நெட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று எங்கள் தலைவர் முணுமுணுத்தார். டிராயர் சாவி என் அடையாள அட்டையின் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் அறைக்கு நடந்து போய் வர ஐந்து நிமிடம். பச்சைப் பென்டிரைவைக் கொண்டுவந்திருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் பாதி மெஷின்கள் எழுந்திருக்கும்.

நான் போகவில்லை. அந்த மூன்று மணி நேரமும் அவர் அங்கே, எல்லார் கண் முன்னாலும், உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

உட்கார்ந்திருந்தார். பராமரிப்புக்கு வந்தவர்கள், பாய்லர்காரர்கள், ஸ்டோர்காரர்கள் என்று கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகாத ஆள் இல்லை. இரண்டரை மணிக்கு இறக்கம் முடிந்தது. பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று நான் சரிபார்த்தேன். அந்தக் கோப்புக்கென்று சைட்டில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணும் எங்களுக்கு வந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. எங்கேயோ இடையில் அறுந்திருக்கிறது.

"நக்கோ, அதெல்லாம் பாக்காதே, போட்டுடு" என்றார் அவர்.

பிளான்ட் ஹெட் அவரைப் பார்க்கவே இல்லை. "மேடம் என்ன சொல்கிறார்?" என்றார்.

"மறுபடி இறக்கணும் சார்."

"அப்படியே செய்யுங்கள்."

இதில் நான் கணக்கில் எடுக்காத ஒருவர் இருந்தார். மெஷின் இல்லாததால், தொழிற்சாலை நின்றாலும் அன்றைக்குச் சோதித்தே ஆகவேண்டிய மாதிரிகளின் முடிவுகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. கையால் எழுதிய ஒவ்வொரு தாளிலும் லேப் இன்சார்ஜ் கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மணிக்கு அவர் மூலைக்குப் போய் போனில் பேசுவது காதில் விழுந்தது. மறுநாள் காலை கம்மத்தில் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நாலரை மணிக்கு லிங்கம்பள்ளியில் ரயில் ஏறவேண்டியவர். வர முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் யாரோ அழுவது கேட்டது.

எழுந்து கதவு வரை போனேன். இப்போது பென்டிரைவைக் கொண்டுவந்தால், காலையிலிருந்து ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார்கள். மெயில் காட்டியது, மூன்றாம் பக்கம் காட்டியது எல்லாம் அதோடு போய்விடும், அவர் தப்பித்துவிடுவார். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மணி நாலரை ஆனது.

இரண்டாவது முறை இறங்கியது சரியாக இருந்தது. மறுநாள் காலையில் வந்து பதினோரு மெஷினையும் நானே நிறுவினேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்தது. எங்கள் தலைவர் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மத்தியானம் கேன்டீனில் லேப் இன்சார்ஜ் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று என் டிராயரில்..."

"பச்சைப் பென்டிரைவ்" என்றார் அவர், பருப்பைப் பிசைந்துகொண்டே. "நான்தானே வந்து டெஸ்ட் செய்தேன்? பத்தரை மணிக்கே எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன் கேட்கவில்லை? உங்கள் தங்கை..."

அவர் நிமிர்ந்தார். "போன வருஷம் குளிர் அறையின் வெப்ப அளவுப் பதிவு நாலு நாளுக்குக் காணாமல் போனதே, ஞாபகம் இருக்கிறதா? பேக்கப் எடுக்க மறந்தது அவர். நான்தான் அழித்தேன் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது. எங்கள் அப்பாவுக்குத் தெரிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை." தண்ணீர் குடித்தார். "தங்கைக்கு இன்னும் கல்யாணம் இருக்கிறது, போய்க்கொள்ளலாம். நேற்று மாதிரி ஒரு நாள் இவருக்கு மறுபடி வருமா?"

அவர் தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "தினண்டி மேடம், சாப்பிடுங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. விசாரணை என்று பெரிதாக எதுவும் இல்லை. பிளான்ட் ஹெட் அந்த ஒன்பது பக்கத்தின் மூலக் கோப்பை என்னிடம் கேட்டு வாங்கினார். யார், எந்தத் தேதியில் எழுதியது என்பது அதிலேயே இருந்தது. அடுத்த பதிப்பில் என் பெயர் வந்தது. எங்கள் தலைவரைப் பிரிவிலிருந்து எடுத்துப் பொருள் கொள்முதல் பக்கம் போட்டார்கள். ஆறு மாதத்தில் அவராகவே வேலையை விட்டுப் போனார். அவருடைய அறையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் போன அன்று ஒரு பிரிவுபசாரம் வைத்தார்கள். நான் போகவில்லை. கணவர் கேட்டார், "போயிருக்கலாம்ல? வயசான மனுஷன்."

"ஐம்பத்தஞ்சு வயசு ஒரு வயசா?"

"இன்னுமா ஆறல உனக்கு?"

ஆறவில்லை. எல்லாம் கிடைத்த பிறகு ஆறிவிடும் என்று நானும் நினைத்தேன். லேப் இன்சார்ஜின் தங்கை கல்யாணத்துக்கு கம்மம் போய்வந்தேன். அங்கே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும், அவர் "வெறுங்கூடு" என்று படித்த குரலை நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்னும் சுகமாகத்தான் இருக்கிறது. எனக்கு உள்ளே இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் புதிதாகத் தெரிந்துகொண்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரெட்பள்ளி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். மனைவியோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று கீரைக்காரி பக்கமாகத் திரும்பிக்கொண்டார். நான் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"நமஸ்தே சார். நல்லா இருக்கீங்களா?"

"ஹவ், ஹவ். இருக்கேன் மா" என்றார், கீரையைப் பார்த்தபடி.

அவர் மனைவி நல்ல பெண்மணி. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி நாளாச்சு பாத்து! இப்ப நீங்கதான் அந்த டிபார்ட்மென்ட் ஹெட்டாமே. எல்லார் கிட்டயும் சொல்வாரு, அந்தப் பொண்ணுக்கு லினக்ஸ் எல்லாம் நான்தான் கத்துக் குடுத்தேன்னு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கீரைக்கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பக்கம் சிவந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தால் அந்த அம்மாளின் ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் போயிருக்கும்.

"இல்லம்மா" என்றேன். "நான்தான் அவருக்குக் கத்துக் குடுத்தேன். அப்பவும் அவருக்கு வரல."

அவருடைய மனைவியின் பிடி தளர்ந்தது. நான் கையை எடுத்துக்கொண்டு, தக்காளி வாங்க அடுத்த கடைக்கு நடந்தேன்.